என் காலடியில் இருந்த சுவிட்ச்

எங்கள் காருக்குச் சாவி இரண்டு. ஒன்று என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கும். இன்னொன்று என் இடது காலின் பெருவிரல். இத்தனை வருஷம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது வண்டி வேறு வீட்டுக்குப் போய்விட்டது. எந்த வண்டி, எந்த வீடு என்று சொல்லாமல் மற்றதை எழுதுகிறேன்.

சின்ன வெள்ளைக் கார் அது. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும் அதே மாதிரி கார் குறைந்தது இரண்டு நிற்கும். டாக்டர் வைத்திருப்பார், அரிசி மண்டிக்காரர் வைத்திருப்பார், வாத்தியார் வைத்திருப்பார். எங்களுக்கு அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்திருந்தார். எங்கள் வீதியில் ஒரு சொல்தா குடியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போகும்போது, "உன் கையிலதான்டா இது நல்லா இருக்கும்" என்று சொல்லி இவரிடம் காரை விற்றுவிட்டுப் போனார்.

வண்டி வந்த அன்று இவர் அதைக் கழுவினார். மறுநாளும் கழுவினார். டேஷ்போர்டில் ஒரு பிள்ளையாரை ஒட்டினார். எனக்கு வெளியில் வந்து பார்க்க வெட்கம். கதவு இடுக்கில் நின்றுதான் பார்த்தேன். வீதியே கூடி நிற்கும்போது நான் எப்படிப் போவேன்? எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி. அஞ்சாவது படிக்கும்போது டீச்சர் என் பேரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், வாய் வராது. அதோடு பள்ளிக்கூடமும் நின்று போயிற்று.

கார் வந்த கொஞ்ச நாளில் இவர் கூட வேலை பார்க்கிறவர் மகளுக்குக் கல்யாணம். காரில்தான் போனோம். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், மண்டபத்து வாசலில் வெள்ளை வெள்ளையாக அதே கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இவர் நேராக ஒன்றின் பக்கம் போனார், கதவைத் திறந்தார், உட்கார்ந்தார். நானும் மறுபக்கம் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. வெயிலில் கண் கூசியது, நானும் குனிந்த தலை நிமிராமல்தான் இருந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் டேஷ்போர்டைப் பார்த்தேன்.

"ஏங்க, நம்ம பிள்ளையாரு எங்க?"

"எங்கனா உருண்டு உழுந்திருப்பாரு. கீழ பாரு."

குனிந்து பார்த்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கிற பாட்டில் ஒன்று கிடந்தது. திரும்ப நிமிர்ந்து பார்த்தேன்.

"ஏங்க, இங்க வேளாங்கண்ணி மாதா நிக்குதுங்க."

அவர் போட்ட பிரேக்கில் என் நெற்றி மாதாமேல் போய் முட்டியது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால், மண்டபத்து வாசலில் கூட்டம். நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார். அவர் பெண்சாதி இடுப்பில் குழந்தை, பாலுக்கு அழுகிறது. எங்களைப் பார்த்ததும் அவர் ஓடி வந்தார்.

"யோவ், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதறவன பாத்திருக்கேன், முறுக்கு அமுக்கறவன பாத்திருக்கேன். காரையே அமுக்கினு போறவன இன்னிக்குத்தான்யா பாக்கறேன்!"

"அண்ணே, என் சாவிதாண்ணே போட்டேன். தொறந்துச்சி."

"உன் சாவி எப்டிய்யா என் வண்டிய தொறக்கும்?"

நான் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பூமி பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது. அந்தம்மா ஜன்னல் வழியாகப் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "பயப்படாத யக்கா, அவரு அப்டித்தான் கத்துவாரு" என்றாள்.

அப்புறம்தான் வேடிக்கை. அந்த மனிதர் தன் சாவியை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வண்டியில் போட்டார். திறந்தது. பக்கத்தில் நின்றவர் தன் சாவியைப் போட்டார். அதுவும் திறந்தது. பழசாகித் தேய்ந்த சாவி எல்லாம் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டது போல. ஆளாளுக்குச் சாவியை நீட்டிக்கொண்டு, திறந்தால் ஒரு சிரிப்பு, திறக்காவிட்டால் ஒரு சிரிப்பு. மாப்பிள்ளையே மாலையோடு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது இவர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவன் சாவி போட்டாலும் நம்ம வண்டி தொறக்கும்னா, இது நம்ம வண்டின்னு எப்டி சொல்றது?"

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. எங்களுக்குக் கார் நிறுத்த உள்ளே இடம் இல்லை. வீதியில்தான் நிற்கும். முதலில் ஸ்டீயரிங்கில் மாட்டுகிற இரும்புத் தடி ஒன்று வாங்கி வந்தார். அது போதாதென்று மாட்டுச் சங்கிலி வாங்கி, பம்பரையும் எங்கள் ஜன்னல் கம்பியையும் சேர்த்துப் பூட்டினார். எதிர்வீட்டு அம்மா வாசல் தெளிக்க வந்தால் சும்மா போக மாட்டாள்.

"இன்னா யக்கா, உங்க மாட்டுக்குத் தீனி வெச்சாச்சா? ராத்திரியெல்லாம் கத்துச்சே!"

ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் சங்கிலியைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்துவிட்டார். ஜன்னல் கம்பியில் இரண்டு பெயர்ந்து வண்டி பின்னாலேயே போயிற்று. அத்தோடு சங்கிலி பரணுக்கு ஏறியது. அந்த ஜன்னல் கம்பி இன்னும் வளைந்துதான் இருக்கிறது. சரி பண்ண நான் விடவில்லை.

அப்புறம் அவர் கம்பெனியில் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிற சிநேகிதர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தார். பழைய லாரிகளில் லைட்டை ஏற்றி இறக்க டிரைவர் காலால் மிதிப்பாரே, வட்டமான இரும்பு சுவிட்ச், அதில் ஒன்றை அவர் கொண்டு வந்திருந்தார். அதை ஒரு தரம் மிதித்தால் இன்ஜினுக்குக் கரண்ட் போகும். இன்னொரு தரம் மிதித்தால் நின்றுவிடும். சாவி போட்டால் கர் கர் என்று இருமும், ஆனால் வண்டி கிளம்பாது.

"எங்கண்ணே வெக்கட்டும்? திருடன் மொதல்ல ஸ்டீயரிங் கீழதான் கைய உட்டுத் தேடுவான்."

இவர் யோசித்தார். வாசற்படிக்கு உள்ளே டீ டம்ளரோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ பக்கம் வை. மிதியடிக்குக் கீழ."

சிநேகிதர் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொன்னார். கால் விரலால் தடவிக் கண்டுபிடிக்கச் சொன்னார். கால் வைக்கிற ரப்பர் மிதியடிக்குக் கீழே ஒரு சின்ன மேடு. அழுத்தினால் 'டக்'கென்று ஒரு சத்தம், காதில் விழாது, காலில்தான் தெரியும்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் யாருகிட்டங்க பேசறேன், சொல்றதுக்கு?"

"அதான் உங்கிட்ட குடுத்தேன். ஊர்ல இருக்கற பூட்டுலயே நல்ல பூட்டு உன் வாய்தான்."

எங்கள் மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. "அவன் வாய் ஓட்ட, கூடப் படிக்கிற பசங்களுக்கெல்லாம் சொல்லிடுவான்" என்பார். தனியாகப் போகும்போது இவரே சாய்ந்து கையால் அழுத்திக்கொள்வார். நாங்கள் இரண்டு பேரும் போகும்போது மட்டும் தொடவே மாட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி, "இன்னா, உத்தரவு உண்டா?" என்பார். நான் மிதிப்பேன். வண்டி கிளம்பும். இறங்கும்போது இன்னொரு தரம் மிதித்துவிட்டு இறங்குவேன். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் அதைக் கேட்காமல் அவர் சாவியைத் திருப்பினதில்லை. சில நாள் நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் மிதிக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் காலையில் கோலம் போட வெளியே வந்தால் வாசலில் கார் இல்லை. எனக்குச் சத்தம் போடக்கூட வரவில்லை, உள்ளே போய் அவர் தோளைத் தட்டினேன். ஓடி வந்து பார்த்தால், வீதி முனையில் கதவு திறந்தபடி நிற்கிறது. எவனோ எதையோ போட்டுத் திறந்து, இரும்புத் தடியை நெம்பி எடுத்து, அதுவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். ஸ்டீயரிங்குக்குக் கீழே கம்பிகளைக் குடல் மாதிரி உருவிப் போட்டிருந்தான். என் பக்கத்து மிதியடி போட்டது போட்டபடி இருந்தது.

"பேட்டரி வீக்கா இருந்திருக்கும்ணே. அதான் உட்டுட்டுப் போயிட்டான்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஆமாம்பா. பேட்டரிதான்" என்றார் இவர்.

அத்தனை பேருக்கு நடுவில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு. அந்த மாதமே பக்கத்து வீதியில் இதே கார் ஒன்று திருடு போனது. கடைசிவரை கிடைக்கவில்லை.

இவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் எப்போதாவது பேட்டரி இறங்காமல் இருக்கக் காரை ஒரு சுற்று எடுப்பான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்குத் தெரியாமல் மிதித்துவிடுவேன். "அப்பா ஞாபகம் வந்துடுச்சா?" என்பான். ஆமாம் என்பேன். அது பொய்யும் இல்லை. சுவிட்சைப் பற்றி அவனிடம் சொல்லக் கூடாது என்று இல்லை, சொல்கிற நேரம் வாய்க்கவில்லை.

இந்தத் தை மாதம் அவன் சொன்னான், "யம்மா, இதோட பேப்பரெல்லாம் மறுபடி புதுப்பிக்கணும், அலைய முடியல. நான் புதுசு வாங்கிட்டேன், இது வீதிலதான் நிக்கணும். பழைய வண்டிய இப்ப பார்ட்ஸுக்குன்னே தூக்கினு போறானுங்க. நல்ல ஆளா பாத்து குடுத்துடலாம்மா." நான் தலையை ஆட்டினேன்.

பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். அவன் போட் இன்ஜின் ரிப்பேர் பண்ணுகிறவன். அவளுக்கு நிற்காத பேச்சு, கையில் குழந்தை. மகன் சாவியைத் திருப்பினான். கர் கர் கர். மறுபடியும் கர் கர். நான் ஜன்னலுக்கு உள்ளே, அந்த வளைந்த கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். முன்தினமே ஒரு தரம் மிதித்துவிட்டு வந்திருக்கலாம். கால் போகவில்லை.

"போன வாரங்கூட எடுத்தேன்ங்க" என்றான் மகன். அவன் சட்டை முதுகில் வேர்வை.

வந்தவன் பானட்டைத் திறந்து அங்கே இங்கே தட்டிப் பார்த்தான். அவன் பெண்சாதி, "நின்னு நின்னு காலு வலிக்குது" என்று இடது பக்கத்துக் கதவைத் திறந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் வண்டி எங்கேயும் போகாது. அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். இங்கேயே நிற்கும், தினம் பார்க்கலாம். இதுதான் என் மனதில் ஓடியது.

அப்போது மகன் அலுத்துப்போய்ச் சொன்னான், "ஓடலன்னா இன்னா பண்றது, எடைக்குத்தான் போடணும். உடைச்சி எடுத்துக்கட்டும்."

திருடன் கையில் சிக்காமல் காப்பாற்றியது என் வாய். அதே வாய் இப்போது இதைத் துண்டு துண்டாக வெட்டப் போகிறது.

வெளியே போனேன். அந்த ஆளிடம் பேச எனக்கு நா எழவில்லை. இடது பக்கத்துக் கதவுக்குப் போய் அவளிடம் குனிந்தேன்.

"செருப்ப கழட்டும்மா."

"ஏன் ஆயா, அழுக்காவுதா?"

"இல்ல. கால் வெரலால தடவிப் பாரு. மிதியடிக்குக் கீழ."

காதோடு காதாகச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. அழுத்தினாள்.

"உங்க வூட்டுக்காரரு வெச்சாரா? உங்க பக்கமாவா?"

"ம்."

"ஐயோ ஆயா, எனக்கு வாய் நிக்காதே. ஊருக்கே சொல்லிடுவேனே!"

"ஊருக்குச் சொன்னாலும் சொல்லு. உன் வூட்டுக்காரருகிட்ட மட்டும் கொஞ்ச நாள் சொல்லாத. உன்ன உட்டுட்டு எங்கியும் போவ மாட்டாரு."

எனக்கே ஆச்சரியம், அவ்வளவு பேசினேன். குழந்தை பயந்து அழுகிற அளவுக்கு அவள் சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல. இப்ப போடு சாவிய."

கிளம்பிவிட்டது. அவன் இன்ஜினையும் பெண்சாதியையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். வீதி முனை திரும்பும்வரை அவள் ஜன்னலில் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள். பிள்ளையாரை மட்டும் மகன் எடுத்து என்னிடம் கொடுத்திருந்தான்.

"அவங்ககிட்ட இன்னாம்மா சொன்ன?"

"காலு வெக்க எடம் போதுமான்னு கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய புதுக் காரில் கோயிலுக்குக் கூட்டிப் போனான். சாவியே இல்லை அதற்கு, பட்டனை அமுக்கினால் போதும் என்று காட்டினான். அமுக்கப் போனவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, செருப்ப எதுக்குக் கழட்ற?"