அண்ணையின் வலது கால்

இங்கிலாந்தின் வடக்கே நோர்தம்பர்லாந்துக்குப் போவது என்று முடிவெடுத்தவர் என் கணவர். ரோமர்கள் கட்டிய சுவரை ஒருமுறையாவது நடந்து பார்க்காமல் இந்த நாட்டில் இத்தனை வருடம் வரி கட்டி என்ன பயன் என்பது அவருடைய வாதம். என் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்தவள் நான். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அண்ணி கனடாவுக்குப் போயிருந்தார். அண்ணை வட லண்டனில், எட்மண்டன் வீட்டில் தனியாக இருந்து பாணும் சம்பலுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு நல்ல முடிவுகளும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கக் கார் வேண்டும். கார் என்றால் அண்ணைதான் ஓடுவார்.

அண்ணை ஜெர்மனியில் பல வருடம் லொறி ஓடியவர். லண்டனுக்கு வந்த பிறகும் கல்யாணம், செத்தவீடு, விமான நிலையம் என்று எங்கே போனாலும், கார் யாருடையது ஆனாலும், சாவி அவர் கைக்குப் போய்விடும். அவர் கேட்பதும் இல்லை, நாங்கள் யோசிப்பதும் இல்லை. நானும் நாள்தோறும் எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடிப் போகிறவள்தான். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதிகாலை ஷிப்டுக்காகப் பனி உறைந்த வீதியிலும் போயிருக்கிறேன். ஆனால் அண்ணை வந்து நின்றால் பேசாமல் சாவியை நீட்டிவிட்டு மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறிவிடுவேன். என் கணவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சிக்காரர். மெட்ரோபாலிட்டன் லைன் ரயில் இருக்கும்போது காரைக் கட்டி அழுவது யார் என்று லைசென்ஸே எடுக்காமல் இருந்துவிட்டார்.

வேறொருவர் ஓடும் காரில் அண்ணையை ஏற்றுவது தனிக் கூத்து. கண்ணை மூட மாட்டார். வலது கால் சும்மா இருக்காது. முன்னால் போகும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் இவர் இங்கே தரையை அழுத்துவார். ஒருமுறை ஹீத்ரோவிலிருந்து டாக்சியில் வந்தபோது இவர் மிதித்த மிதியில் டாக்சிக்காரர் திரும்பியே பார்த்துவிட்டார்.

எனக்குப் பயம் வந்த கதைக்கு வருகிறேன். அந்த வருடம் குளிர் விட்டதும் ஹரோவில் தெரிந்தவர்கள் புது வீடு குடிபுகுந்தார்கள். நானும் அண்ணையும் போய்ச் சாப்பிட்டுவிட்டு என் காரில் திரும்பினோம். வழியில் பெட்ரோல் அடித்துவிட்டு வெளியே வந்த அண்ணை, வீதியின் வலதுபக்கத்தில் ஏறினார். ஜெர்மனியில் அது சரியான பக்கம். இங்கே எதிரே பஸ் வந்தது. பஸ்காரர் பிரேக் போட்டதால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அண்ணை காரைப் பின்னுக்கு எடுத்து, சரியான பக்கத்தில் ஓரமாக விட்டு, எஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சற்று நேரம் அப்படியே இருந்தார். நான் சேலை மடிப்பைச் சரிசெய்தேன். பிறகு அவர் காரை எடுத்தார். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் குறைவு என்று நான் சொன்னேன். ஓம் என்றார். வீடு வரும்வரை சமையலைப் பற்றியே கதைத்தோம்.

கணவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்தான், சொன்னால் சிரிக்க மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு அண்ணை காரில் ஏறும்போதெல்லாம் இவர் சீட் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அண்ணையிடமும் சொல்லவில்லை. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அவரைப் பார்த்து உங்களுக்குக் கார் ஓடத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் திட்டத்தை மாற்றப் பார்த்தேன். ஞாயிறு பின்னேரங்களில் அண்ணை எங்கள் வீட்டுக்கு வருவார். கணவர் வாங்கி வந்த பெரிய வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அது சுருளாமல் நான்கு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்து, மூவரும் குனிந்துகொண்டு இருப்போம். நான் என் வேலையைத் தொடங்குவேன். சுவருக்குக் கிட்ட ஹால்ட்விசில் என்ற ஊரில் ரயில் நிற்கும், அங்கேயே தங்க வீடு எடுப்போம் என்றேன். கோடையில் சுவரோரம் பஸ் ஓடுகிறதாம் என்றேன். ரோமர்களின் கோட்டைக்கு நடந்தே போகலாம், காரில் போய் இறங்கிப் பார்ப்பது ஒரு பார்வையா என்றும் கேட்டேன். அண்ணை எதிர்ப்பார், சண்டை வரும் என்று மனதுக்குள் பதில்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அவரோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடக்கத்தானே போகிறோம், நடந்தால் தன் இரத்தச் சீனி வருத்தத்துக்கும் நல்லது என்று எனக்கே எடுத்துக்கொடுத்தார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்த ஞாயிறுகளில் அண்ணை எட்மண்டனிலிருந்து ரயிலில்தான் வந்தார். காரில் வந்தால் சீக்கிரம் வந்துவிடுகிற மனிதர், இரண்டு மூன்று ரயில் மாறி, வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்பார். வீதியில் வேலை நடக்கிறது என்பார். பார்க்கிங் கிடைக்காது என்பார். வயதான மனிதருக்குச் சிக்கனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது என் கணவருடைய தீவு. கடலோரத்தில் ஹோலி ஐலண்ட் என்று ஒரு தீவு இருக்கிறதாம். பழைய மடாலயம் இடிந்து கிடக்கிறதாம். கடல் வற்றும்போது மட்டும் வீதி வெளியே தெரியுமாம், நீர் ஏறினால் வீதி மூடிப்போகுமாம். அதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். நாங்கள் தங்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நான் கடலைப் பற்றி, காற்றைப் பற்றி, என் தலையிடியைப் பற்றி என்னவெல்லாமோ சொன்னேன். அண்ணை அன்றைக்கு வரைபடத்தைப் பார்க்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை இருக்கும்போது உனக்கு என்ன கவலை?" என்றார் கணவர். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அண்ணை என்றே கூப்பிடப் பழகியவர். கணினியைத் திறந்து, அந்தப் பக்கத்துப் பெரிய நகரமான நியூகாசிலில் வாடகைக் கார் தேடத் தொடங்கிவிட்டார். ஓடுபவரின் பெயரைக் கேட்கும் இடம் வந்தது.

"அண்ணை, உங்க லைசென்ஸ் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க."

இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணை முந்திக்கொண்டார்.

"என்ரை பேரைப் போடாதேங்கோ தம்பி. தங்கச்சியின்ரை பேரைப் போடுங்கோ. அவள் ஓடட்டும்."

பகிடி என்று நினைத்துக் கணவர் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. பெட்ரோல் அடித்துவிட்டு வந்த அந்த நாளை அவரே சொன்னார். எந்தப் பக்கத்தில் ஏறினார், பஸ் எவ்வளவு கிட்ட வந்தது, பஸ்காரரின் முகம் எப்படி இருந்தது என்று ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு கார் சாவியையே தொடவில்லையாம். நான் பஸ், நடை என்று சொல்லச் சொல்ல நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்ததாம். கார் ஓடாமல் தப்புவதற்கு நானே வழி காட்டுகிறேன் என்று சந்தோஷமாகத் தலையாட்டினாராம். இத்தனை ஞாயிறும் ஒரே மேசையில், ஒரே பயத்தை, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ கத்துவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ குழம்பிலை உப்புக் குறைவு எண்டாய். அப்பத்தான் எனக்கு உண்மையாப் பயம் வந்தது."

"ஏசினால் உங்களுக்கு நோகுமெண்டுதான் அண்ணை."

"நோகட்டுமே. என்னைக் கிழவன் எண்டு நினைச்சுத்தானே நீ ஏசேல்லை?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த மேசையிலேயே வைத்து அவரை ஏசினேன். என்னைக் கொல்லப் பார்த்தீர்களே என்றேன். இத்தனை கிழமை நித்திரையில்லாமல் என்னை அலைய விட்டீர்களே என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அண்ணை திருப்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்போ உன் கார் மாதிரி ஆட்டோமேட்டிக் கார்தானே போடணும் என்று கேட்டார். அந்த மனிதரை அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

ஆடி மாதத்தில் போனோம். முதல் நாள் சுவரோரம் நடந்தோம். கணவர் ரோமர்களைப் பற்றி எங்களுக்கும், நாங்கள் பின்தங்கியபோது செம்மறி ஆடுகளுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு போனார். மறுநாள் தீவு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அண்ணை பக்கத்தில், கணவர் புளியோதரை டப்பாவுடன் பின்னால். போகும் வழியெல்லாம் அண்ணையின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. ஒற்றைப் பாதையில் எதிரே டிராக்டர் வந்தபோது நான் நெடுந்தூரம் பின்னுக்கு எடுத்து ஒதுங்கினேன். அண்ணையின் கால் மிதித்த மிதியில் காலடியில் கிடந்த கார்ப் பாய் நழுவிப் போய்விட்டது.

கடல் நடுவே போகும் வீதியில் இரண்டு பக்கமும் ஈர மணல். மடாலயத்தின் செங்கல் நிறத் தூண்கள் காற்றுத் தின்று கரைந்து நின்றன. அதன் நிழலில் புளியோதரை சாப்பிட்டோம். நீர் ஏறுவதற்கு வெகு நேரம் முன்பே நான் இரண்டு ஆண்களையும் விரட்டிக் காரில் ஏற்றிவிட்டேன். பயம் ஒன்றும் இல்லை, என் சுபாவம் அது.

திரும்பும்போது ரோமர்களின் சுவரோரம் போகும் வீதியைப் பிடித்தோம். அந்த வீதி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். ஒவ்வொரு மேட்டிலும் அடுத்த பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. அண்ணைக்கு இது பெரிய சோதனை என்று நினைத்து, மெதுவாகத்தான் போகிறேன் அண்ணை என்றேன். திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

கணவர் பின்னாலிருந்து, அதோ கடைசிக் கோட்டை, இங்கேதான் நிறுத்த வேண்டும், அண்ணையை எழுப்பு என்றார். திட்டத்தில் அந்தக் கோட்டைக்கு அவர் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்.

நான் நிறுத்தவில்லை. கோட்டையைத் தாண்டி, நாங்கள் தங்கிய வீட்டுக்குப் போகும் ஹால்ட்விசில் திருப்பத்தையும் தாண்டி, அண்ணை தானாக விழிக்கும்வரை ஓடிக்கொண்டே இருந்தேன்.