பக்கம் மாறிய கத்தி

நல்ல வெட்டுக்கத்திக்கு நான்கு இலக்கணம் என்று சித்தப்பா சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. நகத்தால் சுண்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். முதுகோடு ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளையாமல் நேராக ஓட வேண்டும். கையில் பிடித்தால் கனம் தலைப்பக்கம் இழுக்க வேண்டும். பிடியைச் சுற்றியுள்ள பூண் ஆடக் கூடாது. ஆரணிச் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் இவற்றை நான் சித்திக்கு ஒப்பித்துக்கொண்டே நடந்தேன். கத்தியை வாங்கப் போவதுதான் அவள், தேர்ந்தெடுக்கப் போவது நான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா வர முடியாமல் போனதற்குக் காரணம் அவர் வலது கை. தோப்பில் கழி ஒன்று பக்கம் தப்பி விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சோறு தின்றார். பாதி சோறு மடியில் விழும். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் பீச்சாங்கை ஒருவருக்கு மட்டும் மன்னிக்கப்பட்டிருந்தது.

எங்கள் ஊரில் அப்போது பிழைப்பு என்றால் சவுக்குத் தோப்புதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகளுக்குக் கட்டடம் எழும்பத் தொடங்கிய வருடங்கள் அவை. சாரம் கட்டக் கழிகள் வண்டி வண்டியாகப் போயின. பெரிய மரத்துக்குக் கோடாலி, சாரத்துக்கான மெல்லிய கழிக்கு வெட்டுக்கத்தி. தோப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. ஆண் வெட்டுவான், பெண் கிளை கழித்து இழுத்து வந்து அடுக்குவாள். வெட்ட ஆளில்லாத வீட்டின் வரிசை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒருமுறை போன வரிசை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால் சித்தி தானே வெட்டுவதாகச் சொன்னாள். தோப்பு மேஸ்திரி எங்களுக்குத் தூரத்து உறவு. வீட்டு வாசலில் நின்றபடியே சித்தப்பாவிடம் சொன்னார்:

"வரச் சொல்லு, பாக்கலாம். ஆனா கழி கிழிஞ்சிச்சின்னா வரிசைய வேற ஊட்டுக்குக் குடுத்துருவேன். அப்பால மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்கக் கூடாது."

அவர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே சித்திக்குக் கை வராது என்று பேர். விறகு பிளந்தால் சிராய் தெறிக்கும். தேங்காய் உடைத்தால் மூன்றாகும். முருங்கைக் கிளையை வெட்டச் சொன்னால் பட்டையை உரித்து வைப்பாள். சித்தப்பாவின் கத்தியை அவளிடம் கொடுத்துப் பார்த்தார்கள், வழுக்கிக்கொண்டு ஓடியது. கத்தி பெரிது, சின்னதாக ஒன்று வாங்கிக்கொள் என்று சித்தப்பா பழியைக் கத்தியின்மேல் போட்டார். நல்ல மனிதர்.

சந்தைக்குப் போகும்போது நான் சித்தியின் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புறங்கையில் மூன்று தழும்புகள் இருந்தன, வரிசையாக, பொட்டு வைத்த மாதிரி. நடக்கும்போது அவற்றைக் கட்டைவிரலால் தடவுவது என் பழக்கம். எப்படி வந்தது என்று முன்பே கேட்டிருக்கிறேன். "அடுப்புல சுட்டுக்கினேன்" என்பாள்.

கத்தி விற்பவள் ஒரு கொல்லன் மனைவி. சாக்கை விரித்துக் கத்திகளைப் பரப்பி, வெட்டிப் பார்க்கச் சவுக்குக் கட்டை ஒன்றை நட்டு வைத்திருந்தாள். எல்லாம் பழைய லாரியின் வில் பட்டையை அடித்துச் செய்தவை. நான் வேலையை ஆரம்பித்தேன். சுண்டினேன், கண்ணை மூடிப் பார்த்தேன், பூணை அசைத்தேன். தேறியவற்றைச் சித்தியிடம் நீட்டினேன். அவள் கட்டையில் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் பட்டையைச் சீவிக்கொண்டு வெளியே ஓடியது.

கொல்லன் மனைவி கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"இன்னாமா, கத்தி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? எல்லாத்தயும் நடக்க வுட்டு, பாட வுட்டுப் பாத்துக்கினு கீற. என் கத்தி மேல கொற இல்ல. உன் கையில கீது."

பக்கத்தில் கருவாடு விற்றவள் சிரித்தாள். காற்றில் சாக்கின் மூலை எழும்பாதிருக்க அதன்மேல் ஒரு கத்தியை வைத்திருந்தார்கள். கருத்து, பளபளப்பில்லாமல் கிடந்தது. சித்தி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அது விக்கறதுக்கு இல்லம்மா. என் மச்சினன் சாணை புடிச்சான், பக்கம் மாத்திப் புடிச்சித் தொலைச்சான். மூணு பேரு வாங்கிக்கினு போயி, மூணு பேரும் கொண்டாந்து மூஞ்சில எறிஞ்சிட்டுப் போனாங்க. பேஜாரு புடிச்ச கத்தி."

மற்றக் கத்திகளின் கூர்வாயில் சாணை பிடித்த சரிவு வலப்புறம் இருந்தது. இதில் இடப்புறம். எனக்கே தெரிந்தது. ஆனால் சித்தப்பாவின் நான்கு இலக்கணத்தில் சரிவு பற்றிப் பேச்சே இல்லை. எல்லாக் கத்தியிலும் ஒரே பக்கம் இருப்பதை யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

சித்தி சந்தையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இடது கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கத்தியை இடது கைக்கு மாற்றிக் கட்டையில் ஒரே ஒரு வெட்டு வெட்டினாள். கத்தி உள்ளே போய் நின்றது. அசைத்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தவுடன் சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். திருடிய பொருளை மடியில் மறைப்பவள் மாதிரி இருந்தது.

"இத எனக்குக் குடு" என்றாள்.

கொல்லன் மனைவி சித்தியின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சாக்கு மூலைக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்து வைத்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுண்டினால் அது மொக்கையாக ஒலித்தது, முதல் இலக்கணத்திலேயே தோற்ற கத்தி. வீட்டில் சித்தப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், இடது கையால்.

"பக்கம் மாறின கத்தி. இத வச்சி வாழத்தண்டு கூட நறுக்க முடியாது. யாரு எடுத்தது இத?"

"நாந்தான்" என்றாள் சித்தி. "சோறு ஆறுது, சாப்புடு."

திங்கட்கிழமை தோப்புக்கு நானும் போனேன். கிளை பொறுக்கும் சாக்கில் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆண்கள் ஒரே வரிசையாக, ஒரே பக்கமாக நின்று வெட்டுவார்கள். அப்போதுதான் கழிகள் ஒரே பக்கம் சாயும். சித்தியையும் அந்த வரிசையில் நிறுத்தினார் மேஸ்திரி. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது கையில் கத்தியை ஓங்கினாள். வழுக்கியது. இரண்டாவது வெட்டில் பட்டை நீளமாகக் கிழிந்து தொங்கியது.

"இன்னாமா, கழிக்கு ரவிக்க கழட்டுறியா?" என்று ஒருவன் கேட்க, தோப்பே சிரித்தது.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "போதும்மா. கழி கெட்டுப்பூடும். வுட்டுடு" என்றார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமா."

சித்தி கத்தியை இடது கைக்கு மாற்றினாள். வரிசையின் மறுபக்கம் போய் நின்றாள்.

"ஐய, பீச்சாங்கையா? வாரத்துல மொத வெட்டு, தோப்புக்காரரு பாத்தா நம்ம எல்லாரையும் தொரத்திடுவாரு" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

சித்தி திரும்பாமலே சொன்னாள்: "எந்தக் கையில வெட்டுனதுன்னு கழியில எழுதியா கீது?"

பிறகு வெட்டினாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மற்றவர்களின் வெட்டில் ஓர் உலர்ந்த அதிர்வு இருக்கும். இதில் அது இல்லை. ஈரமண்ணில் குத்தின மாதிரி அடங்கின சத்தம். ஓரத்திலிருந்து ஒன்று, எதிரிலிருந்து ஒன்று, கழி சாய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தோள் ஆடவில்லை, மூச்சு வாங்கவில்லை. விறகைச் சிராய் சிராயாகத் தெறிக்கவிட்ட அதே பெண்தான். அவ்வளவு அழகாக ஒரு வேலை நடப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. சிரித்தவர்கள் தங்கள் வெட்டை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி குனிந்து வெட்டிய அடிக்கட்டையைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொன்றையும் தடவினார். நிமிர்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீ அந்த ஓரத்து வரிசைய எடுத்துக்கமா. உன் கழி வேற பக்கம் சாயும். நடுவுல நின்னா எவன் தலயிலயாவது போட்டுருவ."

அவ்வளவுதான். அந்த வரிசை எங்கள் வீட்டிலேயே இருந்தது. சித்தப்பாவின் கட்டு அவிழ்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை.

அன்று சாயங்காலம் சித்தி வழக்கம்போல வலது கையால் பரிமாறினாள். சித்தப்பா வழக்கம்போல இடது கையால் சிந்தினார். நான் யாருக்கும் தெரியாமல் அந்தக் கத்தியை எடுத்துக் கொல்லைப்புற முருங்கையில் போட்டுப் பார்த்தேன். வழுக்கியது. சித்தியின் சொல்லுக்கு மட்டும் கட்டுப்படும் கத்தி அது என்று முடிவு செய்து, மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். சிலர் நம்பினார்கள்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வருடம், பட்டறையில் உளியின் வாயை எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்று ஆசிரியர் பலகையில் படம் போட்டபோது என் இலக்கணப் பட்டியலில் ஐந்தாவது வரி சேர்ந்தது. வலதுகைக்காரர்களுக்குச் செய்த கத்தி இடது கையில் வழுக்கி ஓடும். வலது கையிலோ அவளுக்கு ஒருநாளும் வலு இருந்ததில்லை. கை வராதவள் என்று நாங்கள் சொன்ன நாளெல்லாம் அவள் எங்கள் கையால் வேலை செய்துகொண்டிருந்தாள். இவ்வளவையும் படம் போட்டு விளக்க என்னால் முடியும்.

படத்தில் வராத ஒன்று பாக்கி இருக்கிறது. சந்தைக்குப் போன அந்தக் காலையில் நான் தடவிக்கொண்டே நடந்த மூன்று தழும்புகள். ஒரே அளவு, ஒரே இடைவெளி, யாரோ சூடு வைத்த மாதிரி, இடது கையில் மட்டும். அடுப்பு அவ்வளவு ஒழுங்காகச் சுடாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.