என் மகள் வயிற்றில் விழுந்த முறுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரிகளே. எனக்கு நாலு பேர் முன்னால பேசிப் பழக்கமில்ல. ஆனா என் மக ஆயிஷாவுக்கு அல்லாஹ் செஞ்சதைச் சொல்லாம இருந்தா நான் நன்றி கெட்டவ.

போன சாரல் சீசன்ல நடந்தது. எங்க ஊர் வடகரை. ஞாயித்துக்கிழமை குடும்பமா ஐந்தருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வந்தோம். திங்கள் சாயங்காலம் ஆயிஷா அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. ஒன்பது வயசுப் புள்ள. அங்க தின்ன பஜ்ஜி சேரலைன்னு நெனச்சு ஓமத்தண்ணி கொடுத்தேன். மறுநாள் காலையிலயும் வலிக்குன்னா. "ஏட்டி, பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கியா?"ன்னு ஏசினேன். ஏசி வாய் மூடல, பச்சையா வாந்தி எடுத்தா. நிமிர்ந்து நிக்க முடியல.

என் வீட்டுக்காரரைப் பெத்த மாமியையும் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல தென்காசிக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் சவுதியில. வேலை நேரம், போனை எடுக்கல.

முதல்ல குடல்வாலா இருக்கும்னாங்க. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தாங்க. அவங்க முகம் மாறுச்சு. கருமுட்டை உண்டாகுற சினைப்பை முறுக்கிக்கிட்டு, ரத்தம் போகாம நிக்குதாம்.

அந்த ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகள் சர்ஜன் வாரத்துல ஒருநாள், செவ்வாய்க்கிழமைதான் வருவாங்க. அன்னைக்குச் செவ்வாய். அதை நெனச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

அந்தச் சர்ஜன் அம்மா பொறுமையா விளக்கினாங்க. "வயித்தைப் பெருசாக் கிழிக்க மாட்டோம்மா. மூணு சின்னத் துளை. தொப்புள் வழியா கேமராவை விட்டுப் பாத்து முறுக்கை எடுத்துவிடுவோம். முழுசா அழுகியிருந்தா மட்டும்தான் சினைப்பையை எடுக்க வேண்டிவரும். ஆனா நேரம் போகக் கூடாது."

மாமி என் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தாங்க. "பொட்டப்புள்ளைக்கு அந்த எடத்துலயா ஆபரேசன்? வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா? அவன் போன் பண்ணட்டும், பொறு."

மாமி பேச்சை நான் அதுவரைக்கும் தட்டினதில்ல. உள்ள இருந்து ஆயிஷா, "உம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டா. "புள்ள இருந்தாத்தான மாமி கட்டிக்கொடுக்க"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேசன் தியேட்டர் கதவைச் சாத்தினாங்க. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டுது. கை கால் முகம் கழுவி ஒழுச் செஞ்சிட்டு வந்து, ஒரு மூலையில துப்பட்டாவை விரிச்சுத் தொழுதேன். துஆவுக்குக் கையேந்தினேன். ஓதிப் பழகின எதுவும் வாய்க்கு வரல. "ரப்பே, வலின்னு சொன்ன புள்ளையை ஏசிட்டேன். எனக்காக அவளைத் தண்டிச்சிராத. அவ ஒடம்பு முழுசாத் திரும்பி வரணும்." இதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

கொஞ்ச நேரத்துல ஒரு நர்ஸ் வெளிய வந்தாங்க. "முறுக்கை எடுத்தாச்சு. ஆனா கறுத்துப்போய்க் கிடக்கு. வெதுவெதுப்பா சலைன் விட்டுட்டு, நிறம் திரும்புதான்னு காத்திருக்காங்க." சொல்லிட்டுப் போய்ட்டாங்க.

அந்த நேரத்தை எப்படிச் சொல்லுவேன்? மயக்கத்துல அவ மூச்சு நின்னுருமோ, கண்ணே முழிக்காமப் போயிருவாளோன்னு என்னென்னமோ தோணுச்சு. அப்ப பக்கத்துல ஒரு விசும்பல். மாமி. என் தோளோட தோள் ஒட்டி உக்காந்து, ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு, "யா அல்லா, எம் பேத்திய விட்டுரு, எம் பேத்திய விட்டுரு"ன்னு தேம்புதாங்க.

கதவு திறந்தது. சர்ஜன் அம்மா மாஸ்க்கை இறக்கினாங்க. "நிறம் திரும்பிட்டும்மா. செவந்துட்டு. எதையும் எடுக்கல."

நான் அங்கனயே தரையில நெத்தி பதிச்சு சுஜூதுல விழுந்தேன்.

மூணாம் நாள் ஆயிஷா நடந்தே வீட்டுக்கு வந்தா. சில மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்தப்ப ரத்த ஓட்டம் நல்லா இருக்குன்னாங்க. அல்ஹம்துலில்லாஹ். எந்த மாமி மறைக்கச் சொன்னாங்களோ, அவங்களே இப்ப பக்கத்து வீட்டுப் பொம்பளைகளுக்கு, "புள்ள வயித்து வலின்னா சும்மா இருக்காதீங்க, ஓடுங்க"ன்னு சொல்லுதாங்க. நானும் மாறிட்டேன். அஞ்சு வேளையும் கடமைக்குன்னு தொழுதவ, இப்ப அவன்கிட்ட பேசுறதுக்காகத் தொழுறேன்.

சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு கதவுக்கு வெளிய உக்கார வேண்டிய நாள் வரலாம். டாக்டர்கிட்டப் போக ஒரு நிமிசமும் தாமதிக்காதீங்க. போற வழியிலேயே அல்லாஹ்கிட்ட கேளுங்க. தைரியம் வந்தப்புறம் கேப்போம்னு இருக்காதீங்க. எனக்கு அன்னைக்குத் தைரியமே வரல. நடுங்கிக்கிட்டே, பாதி வார்த்தையில கேட்டேன். அவனுக்குக் கேட்டுது.