உடுத்த சீலை

பிரசவ லீவு முடிந்து நான் திரும்பவும் படிப்பிக்கப் போகத் தொடங்கியபோது மகளுக்கு ஆறு மாதம். வீடு முரசுமோட்டையில், பள்ளிக்கூடம் முல்லைத்தீவில். விடிய முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் மணியடிக்க முன் போய்ச் சேரலாம். இவருக்குக் கொழும்பில் வேலை. பிள்ளையைத் தான் பார்க்கிறேன் என்று பக்கத்து வளவு அக்கா தானாகவே வந்து சொன்னா. அவா கலியாணம் கட்டவில்லை. வயலும் இரண்டு மாடுகளும்தான் துணை.

முதல் நாள், பிள்ளையைப் போட்டு ஆட்ட ஏணை கட்டுவதற்கென்று தோய்த்து அயன் பண்ணிய நூல் சீலை ஒன்றைக் கொண்டுபோனேன். டீச்சர் வீட்டுச் சீலை என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்! அக்கா அதை மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா.

"தோய்ச்ச சீலையில என்ன இருக்கு? நேற்று நீர் உடுத்ததைத் தாரும். தாயின்ரை மணம் இல்லாட்டிப் பிள்ளை படுக்காது."

பஸ் புழுதியும் வியர்வையும் படிந்த சீலையை இன்னொருவர் கையில் கொடுக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கொடுத்தேன். அன்றிலிருந்து நேற்றைய சீலைதான் இன்றைய ஏணை.

மாதாமாதம் வரும் மருத்துவிச்சிக்கு இது துண்டாகப் பிடிக்காது. "ஏணை வேண்டாம், பாயில நேராப் படுக்க வையுங்கோ. எந்த நேரமும் தூக்கி மடியில பழக்காதேங்கோ" என்பா. அக்கா "ஓம், ஓம்" என்று தலையாட்டுவா. மருத்துவிச்சியின் மோட்டார்சைக்கிள் படலையைத் தாண்டவும் பிள்ளை அக்காவின் தோளில் ஏறிவிடுவாள்.

யார் சொன்னது சரியென்று நான் அலட்டிக்கொள்ளவில்லை. பின்னேரம் நான் வரும்போது பிள்ளை என்னிடம் பாய்ந்து வரவேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். முதலில் பாய்ந்துதான் வந்தாள். பிறகு பிறகு, அக்காவின் தோளில் இருந்தபடியே வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பஸ்ஸில் யாராவது குழந்தையோடு ஏறினால் என் கை சும்மா இருக்காது. தூக்கித் தரச்சொல்லிக் கேட்பேன்.

ஓகஸ்ட் லீவு வந்தது. இனிப் பிள்ளை முழுக்க என்னோடுதான் என்று எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. முதல் நாள் மத்தியானம், முந்தின நாள் உடுத்த சீலையில் நானே ஏணை கட்டி ஆட்டினேன். அவள் படுக்கவில்லை. பாயில் போட்டேன், தோளில் போட்டேன். வேலிப்பக்கம் கையை நீட்டி நீட்டி அழுதாள். நானும் அழுதேன்.

கடைசியில் வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"அக்கா, உங்கடை சீலை ஒண்டு தாங்கோ. தோய்க்காதது."

அக்கா உள்ளே போய் எடுத்துவந்து தந்தா. சிரிப்பை அடக்கத்தான் பார்த்தா, முடியவில்லை. அந்தச் சிரிப்புக்காக அன்றைக்கு அவாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுப்புப் புகையும் வேப்பெண்ணெயும் மணக்கும் சீலை. நான் அதை ஏணையாகக் கட்டவில்லை. உடுத்துக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கினேன். அவள் என் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, இரண்டு தரம் விம்மிவிட்டு உறங்கிப்போனாள்.

மடியில் பழக்காதேங்கோ என்று மருத்துவிச்சி சொன்னது நினைவில் இருந்தது. பொழுதுபடும்வரை நான் பிள்ளையை இறக்கவில்லை.