எந்திரி அக்காவின் சோதனை

தரையில் மல்லாந்து கிடக்கிறார் அக்கா. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் அவருடைய சுழல்நாற்காலியின் மேல். காலை பதினொரு மணி. சுற்றிலும் விசைப்பலகைகள் தடதடவென்று ஓடுகின்றன. தண்ணீர் பிடிக்கப் போகும் ஒருத்தி அவரைத் தாண்டிக் காலை வைத்தபடி, "என்னக்கா, போய்ச் சேந்துட்டீங்களா?" என்கிறாள். "இன்னும் நாப்பது விநாடி பாக்கி இருக்கு. முடிஞ்சதும் வந்து உன் கால வாரிவிடறேன்" என்று கூரையைப் பார்த்தபடியே பதில் வருகிறது.

மருத்துவக் காப்பீட்டுப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் அலுவலகம் இது. ஸ்கேன் செய்த படிவம் திரையின் இடப்பக்கம் வந்து நிற்கும். அதைப் பார்த்து வலப்பக்கக் கட்டங்களில் அடிக்க வேண்டும். பெயர், வயது, தொழில், நோய். சுவர் வரிசையில் ஆறு பேர், ஜன்னல் வரிசையில் ஆறு பேர். அக்கா சுவர் வரிசையில் மூன்றாவது. நான்காவது இருக்கை என்னுடையது. பதினான்கு ஆண்டுகளாக ஊரார் முதுகுவலியையெல்லாம் ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு முதுகுவலியின் குறியீட்டு எண் தூக்கத்தில் கேட்டாலும் வரும். தன் வலியை அடிக்கத்தான் கட்டம் இல்லை.

வலி வந்த கதையை அவரே சொல்வார். "சமையலறைல கரண்டி கீழ விழுந்துச்சு. குனிஞ்சேன். குனிஞ்சவ குனிஞ்சவதான். வந்து தூக்குங்கன்னு எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டா, அவரு இடுப்பப் புடிச்சிட்டு என்னைவிட மோசமா நெளியறாரு." கணவர் பேருந்து ஓட்டுநர். "வீட்ல ரெண்டு முதுகு, ஒரே வெந்நீர்ப் பை. எங்களுக்குள்ள சண்டைன்னா அதுக்குத்தான்."

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தைலம் வந்தது. காந்தம் வைத்துத் தைத்த இடுப்புப் பட்டை வந்தது. சித்தப்பா ஒரு செப்புக் காப்பை மாட்டிவிட்டு, நம்பிக்கையோடு போட்டால் ஒரே மாதத்தில் வலி ஓடிவிடும் என்றார். வேறொருவர் நம்பியிருப்பார், அல்லது சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பார். அக்கா இரண்டும் செய்யவில்லை. ஒரு வாரம் போட்டார், மறுவாரம் கழற்றினார். தினமும் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மதிப்பெண் எழுதினார். எட்டு வாரம்! பிறகு காப்பைத் துடைத்து டப்பாவில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். "அழகா இருக்கு சித்தப்பா. ஆனா நான் போட்டிருக்கேனா இல்லையான்னு என் முதுகுக்குத் தெரியவே இல்ல." இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடலாம். என் முதுகு அனுமதித்தால்.

பிசியோதெரபி செய்த பெண்தான் உருப்படியாக ஒன்று சொன்னாள்: "எப்படி உக்காரணும்னு கேக்காதீங்க. எவ்வளவு நேரம் அசையாம உக்காந்திருக்கீங்கன்னு பாருங்க." மறுபடியும் நோட்டு. அறுபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்தார், இருபதுக்கு ஒருமுறை எழுந்து பார்த்தார். நாற்பது அவருக்குச் சரியாக அமைந்தது. நாற்பதாவது நிமிடம் எழுந்துவிடுவார். சுவரோடு முதுகை ஒட்டி, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, இரண்டு நிமிடம். வலி மிஞ்சும் நாளில் தரையில் மல்லாந்து. பக்கத்தில் இருப்பவர்களையும் விடமாட்டார். "எந்திரி, எந்திரி! வேர் விட்டுடப் போகுது!" பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

இதில் என்ன குற்றம் என்பீர்கள். ஒவ்வொரு திரையின் மூலையிலும் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது. ஒரு நிமிடம் எந்த விசையையும் தட்டாவிட்டால் அது சிவக்கும். எத்தனை தடவை சிவந்தது என்ற கணக்கு மேலாளரின் திரையில் ஏறும். கழிப்பறைக்குப் போனாலும் சிவப்பு. இருமல் வந்து புரையேறினாலும் சிவப்பு. மேலாளரோ தொலைபேசியை எடுத்தால் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேதான் பேசுவார். அவருக்குப் புள்ளி கிடையாது.

ஜன்னல் வரிசையில் இதற்கொரு உபாயம் வைத்திருந்தார்கள். எழ வேண்டுமென்றால் ஸ்டேப்ளரை எடுத்து இடைவெளி விசையின் மேல் வைத்துவிடுவது. கணினி வெற்றிடத்தை அடித்துக்கொண்டே இருக்கும். புள்ளி பச்சையாகச் சிரிக்கும். அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். "ஒளிஞ்சு எந்திரிக்க நான் என்ன திருட வந்தேனா?" என்றுவிட்டார்.

போன மாதம் கடிதம் வந்தது. நாளொன்றுக்குப் பதினொரு சிவப்பு, வேலை பாதிக்கப்படுகிறது, தொடர்ந்தால் பணிநீக்கம். பதினான்கு ஆண்டு உழைப்புக்கு நான்கே வரி! எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா இரண்டு முறை படித்தார், ஒரே ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டார், நேரே மேலாளரின் மேசைக்குப் போனார்.

"பாதிக்கப்படுதுன்னு போட்டிருக்கீங்க. யாரு சார் அளந்தது?"

மேலாளர் கெட்டவர் அல்ல. கணக்கென்றால் காதைத் தீட்டிக்கொள்பவர். "சரிம்மா, அளந்துடலாம். எந்திரிச்சா தப்பு குறையுதுன்னு காட்டுங்க. கடிதத்த நானே திரும்ப வாங்கிக்கறேன். காட்டலைன்னா?"

"நானே பையத் தூக்கிட்டுப் போயிடறேன் சார்."

இரண்டு வாரம் என்று முடிவானது. சுவர் வரிசை நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழும். ஜன்னல் வரிசை எப்போதும்போல உட்கார்ந்திருக்கும். தப்புகளைச் சரிபார்ப்புப் பிரிவு எண்ணும். முதல் நாளே அக்கா அளவுநாடாவோடு வந்து, எங்கள் புருவ உயரத்தை அளந்து, பழைய கோப்புக்கட்டுகளைத் திரைகளுக்கு அடியில் செருகினார். "அளவெடுத்தாச்சு, சட்டை எப்பக்கா தைச்சுக் குடுப்பீங்க?" என்று ஜன்னல் வரிசைச் சுருட்டை கேலி செய்தாள். ஐந்தடி உயரம், அதில் பாதி முடி. நாங்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கைகளை உயர்த்தி நின்றோம். என்ன கொண்டாட்டம்! நான்காம் நாள் என் கழுத்து வலமும் திரும்பும் என்று கண்டுபிடித்தேன்.

முடிவு வந்த வெள்ளிக்கிழமை மதியம், மேலாளர் தாளோடு கூடத்துக்கே வந்தார். "சுவர் வரிசை. முன்னாடி ரெண்டு வாரத்துல அறுபத்தொரு தப்பு. இப்ப முப்பத்தெட்டு."

எழுந்து நின்று கூவினோம். நான் மேசையைத் தட்டினேன்.

"இருங்க, இருங்க. ஜன்னல் வரிசை. முன்னாடி அம்பத்தெட்டு. இப்ப முப்பத்தாறு. எந்திரிச்சவங்களுக்கும் குறைஞ்சிருக்கு, எந்திரிக்காதவங்களுக்கும் குறைஞ்சிருக்கு. அப்ப எந்திரிச்சது காரணமில்ல. சரிதானேம்மா?"

அக்கா தாளை வாங்கிப் படித்தார். முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்: "கணக்கு அப்படித்தான் சார் சொல்லுது."

வேலை போகிற நேரத்திலும் தனக்கெதிரான எண்ணை எண்ணாகவே ஒப்புக்கொள்கிற மனுஷி! அந்தக் கூடத்தில் வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் உண்டு?

தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனவரின் விரல் அடிவரியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். 'தேவையற்ற வெற்றிடம் உள்ள படிவங்கள் (தப்பில் சேராது): சுவர் வரிசை 3, ஜன்னல் வரிசை 214.' அக்காவின் கண்கள் பளிச்சென்று விரிந்தன. ஜன்னல் வரிசையைப் பார்த்தார். ஆறு பேரும் குனிந்து தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். எனக்கும் உறைத்தது. ஸ்டேப்ளர்! இவர்களும் எழுந்திருக்கிறார்கள்! ஒரு வார்த்தை சொன்னால் அக்காவின் வேலை தப்பும். ஆறு பேருக்கு ஆறு கடிதம் வரும்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

நான் வாயைத் திறந்தேன். முழங்கைக்கு மேல் அக்காவின் கிள்ளு ஒன்று விழுந்தது, மூடிக்கொண்டேன்.

சுருட்டைதான் விருட்டென்று எழுந்தாள். "சார், ரெண்டாவது கணக்கு பொய். நாங்களும் எந்திரிச்சோம்."

"பச்சையாத்தானே இருந்துச்சு?"

"அது ஸ்டேப்ளர் உழைச்சது சார்." விசையின் மேல் வைத்துக் காட்டியும் விட்டாள். "ஆறு பேரு கண்ணு முன்னாடி சோம்பல் முறிக்கிறாங்க. எப்படி சார் உக்காந்திருக்கறது? கொட்டாவி மாதிரி ஒட்டிக்குது. இதுக்குப் போயி அக்காவ அனுப்புவீங்களா?" அவளுக்குப் பின்னால் மற்ற ஐவரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அக்கா அவளைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "அடிப்பாவிங்களா, என் சோதனையையே கெடுத்துட்டீங்களே!" என்று பாய்ந்தார். அடுத்த மூச்சில் முகமெல்லாம் வெளிச்சம். "சார், பன்னெண்டு பேரும் எந்திரிச்சிருக்கோம்! பன்னெண்டு பேருக்கும் குறைஞ்சிருக்கு!" அதற்கடுத்த மூச்சிலேயே, "ஆனா ஒப்பிட, உக்காந்த ஆளே இல்லையே. இது செல்லாது சார். திரும்பச் செய்யணும்."

மேலாளர் நெற்றியைத் தடவினார். ஸ்டேப்ளரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சரி, இன்னும் ரெண்டு வாரம். கடிதம் அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும். ஆனா இந்தத் தடவை ஒரு பக்கம் நெசமாவே அசையக் கூடாது. யாரு உக்காரப் போறீங்க?"

ஒருவரும் கையைத் தூக்கவில்லை. பன்னிரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். பன்னிரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

"யாருமே இல்லன்னா சோதனை எப்படி நடக்கும்? கடிதத்துல இருக்கறதுதான் நடக்கும்" என்றார் அவர்.

அக்கா ஜன்னல் வரிசைக்குப் போய்ச் சுருட்டையின் நாற்காலியை வெளியே இழுத்தார். மேலாளரின் நீண்ட கால்களை ஒருமுறை கண்ணாலேயே அளந்தார். நெம்புகோலைத் தூக்கி இருக்கையை நான்கு விரற்கடை உயர்த்தினார். உள்ளங்கையால் அதன் தூசியைத் தட்டிவிட்டு, நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பி, அதன் சாய்வைப் பிடித்துக்கொண்டு நின்றார்.