அறுநூறு ஓட்டைகள்: விராலிமலையிலிருந்து கறம்பக்குடி வரை

காலை 5.50. விராலிமலையில் புதுக்கோட்டை வண்டிக்காக நின்றேன். விடுப்பில் ஊருக்கு வந்து அன்றோடு ஒன்பது நாள். நான் ஒரு செவிலியர். இரண்டு வருடங்களாக ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பில் வேலை. மலாவி, ஜாம்பியா, மொசாம்பிக் என்று காலரா எந்த எல்லையைத் தாண்டுகிறதோ, அதன் பின்னாலேயே நாங்களும் தாண்டுவோம். அதற்கு பாஸ்போர்ட் வேண்டாம், எங்களுக்கு வேண்டும். அதனால் அது எப்போதும் எங்களுக்கு ஒரு வாரம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

முந்தின நாள் மாலை எங்கள் அமைப்பின் பொருள் அனுப்பும் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் காலரா கட்டில்களுக்கான விரிப்புகள் அறுநூறு கறம்பக்குடியில் தைக்கப்படுகின்றனவாம். அறுநூறும் தப்பாகிவிட்டனவாம். பரிசோதகர் நாளைக்குப் போகிறார், அநேகமாக எல்லாவற்றையும் கழித்துவிடுவார், நீங்கள் அந்த மாவட்டம்தானே, ஒரு எட்டுப் பார்க்க முடியுமா என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் கடந்து போய் நான் நோயாளிகளைக் கிடத்திய விரிப்பு, என் வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டரில் தைக்கப்படுகிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

காலரா வார்டைப் பார்க்காதவர்களுக்காக அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மடக்கு இரும்புச் சட்டம். அதன் மேல் தண்ணீர் இறங்காத கெட்டித் துணி. துணியின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக ஓட்டை, அதன் கீழே ஒரு வாளி. காலரா வந்தவருக்கு எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. படுத்தபடியே போகும், போய்க்கொண்டே இருக்கும். வாளியைப் பார்த்துத்தான் எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போடுவோம். கட்டில் இல்லாவிட்டால் தரை, தரையென்றால் அடுத்த ஆளுக்கும் பரவும். நான் கிளம்பி வந்தபோது எங்கள் முகாமில் பாதிப் பேர் தரையில் கிடந்தார்கள். இந்த அறுநூறுக்காகத்தான் அங்கே காத்திருக்கிறார்கள். கழித்துக் கட்டினால் அடுத்த கப்பல் ஒன்றரை மாதம் கழித்து.

6.05. வண்டி வந்தது. புதுக்கோட்டைக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். இலுப்பூரில் ஏறிய ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்னவாசல் வருவதற்குள் என் ஜாதகத்தையே வாங்கிவிட்டார்.

"ஆப்பிரிக்காவுலயா? அங்கிட்டு என்ன சீக்கு?"

"வாந்திபேதிக்கா."

அவர் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் ஒதுங்கினார். இதை விமான நிலையத்திலும் பார்த்தாயிற்று, சொந்தக்காரர்கள் வீட்டிலும் பார்த்தாயிற்று. பொறுமையெல்லாம் எனக்கு எப்போதோ தீர்ந்துபோய்விட்டது.

"மூக்கால வார நோய் இல்லக்கா அது. வாயால வாரது. கெட்ட தண்ணி, கழுவாத கை. பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. நான் வந்தும் ஒம்போது நாளாச்சு. வார்டுல ஒங்கள மாதிரி ஒதுங்கியிருந்தா அங்க ஒரு ஆளு பொழச்சிருக்க மாட்டாங்க."

அவர் மடியிலிருந்த பையைத் திறந்து அவித்த கடலையை நீட்டினார். "கைய கழுவிட்டுத்தான் அவிச்சேன்," என்றார். நான் கழுவாத கையால் வாங்கித் தின்றேன். இதை என் அமைப்பில் யாரும் படிக்காமல் இருக்கட்டும்.

7.35. புதுக்கோட்டையில் டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து ஆலங்குடிக்கு இருபது கிலோமீட்டர், டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆலங்குடியில் தையல் கூடத்தின் சுமை வண்டி எனக்காக நின்றது. நூல் கட்டு வாங்க வந்த ஓட்டுநர் முத்தையா அண்ணன் அப்படியே என்னையும் ஏற்றிக்கொண்டார். மனிதர் நூறு கிலோவுக்குக் குறைய மாட்டார். வண்டி அவர் பக்கமே சாய்ந்து போனது. இருபுறமும் தென்னை, நடுவே முந்திரி, அறுத்து முடிந்த கடலைக் காடு.

"ஏண்ணே, அந்தத் துணி எதுக்குன்னு கூடத்துல தெரியுமா?"

"தெரியாது சிஸ்டர். காண்ட்ராக்டர் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சீக்கு சாமான்னு தெரிஞ்சா பொம்பளைக தைக்க மாட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்கு, அம்புட்டுதான் சொல்லியிருக்கு."

தப்பு எப்படி வந்திருக்கும் என்று எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது.

9.10. கறம்பக்குடி. கடைத்தெருவைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை, பதினெட்டு தையல் மெஷின்கள். கூடத்தை நடத்தும் மல்லிகாவுக்கு நாற்பது வயதிருக்கும். அடுக்கி வைத்த விரிப்புகளில் ஒன்றை உதறி விரித்து, பெருமையோடு தடவிக் காட்டினார். நடுவில் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்த இடத்தில் அதே துணியில் வட்டமாக ஓர் ஒட்டு, இரட்டைத் தையல். முதுகு வளைந்து உழைத்த தையல் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், அறுநூறுலயும் ஒண்ணு விடாம அடைச்சிட்டோம்."

"யாரு அடைக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? வெட்டி வந்த துணி அத்தனையிலயும் நடுவுல ஓட்ட. வெட்டுற மிஷினு கோளாறுன்னு நெனச்சோம். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டோம், எடுக்கல. சீக்காளி படுக்கிற துணி, கிழிசலா குடுக்கலாமா? எங்க பக்கம் நோயில கெடக்கிறவங்களுக்குக் கிழிசல விரிக்கக் கூடாதும்பாங்க. மிச்சத் துணியில வெட்டி ஒட்டுப் போட்டுட்டோம். மூணு நாளு, கூலியில்லாம."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. எந்த மருத்துவமனைக்கு, எந்த நோய்க்கு, எதற்காக அந்த ஓட்டை என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி தமிழில் எழுதி அனுப்பியிருந்தால் தீர்ந்தது. பதினெட்டுப் பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்தால் பயப்படுவார்கள் என்று கூலி கொடுப்பவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

நானே சொல்வது என்று தீர்மானித்தேன். மெஷின்களை நிறுத்தச் சொல்லி, வாந்திபேதி என்றேன். எந்தெந்த நாடுகள் என்றேன். கட்டில், ஓட்டை, வாளி, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பெண் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டது தெரிந்தது. மற்றவர்கள் மல்லிகாவைப் பார்த்தார்கள்.

சன்னல் ஓரத்து மெஷினிலிருந்து அஞ்சம்மாள் எழுந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அங்கே மூத்த தையல்காரர். ஒட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"எங்க அக்காவுக்கு வாந்திபேதி வந்துச்சு. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. பாயிலதான் கெடந்தா. மாத்திப் போடப் பாயில்ல. நான்தான் அத வாய்க்கால்ல கொண்டுபோயி அலசி, ஈரத்தோட விரிப்பேன். ஊரே வாசல்ல நின்னு பாக்கும். 'எம்மேல ஒரு துணியப் போடுடி'ன்னா. அதுதான் அவ கடைசியாப் பேசுனது." ஒட்டின் தையலை விரலால் நீவினார். "இந்த ஓட்டையும் ஒரு வாளியும் இருந்திருந்தா அவ மானத்தோட போர்த்திக்கிட்டுப் படுத்திருப்பா. அதப் போயி நாங்க அடைச்சு வச்சிருக்கோம்."

அந்த வாய்க்காலில் வேறு யார் தண்ணீர் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். அன்று எனக்கு மனசு வரவில்லை.

கடைசி வரிசைப் பெண்ணின் கை மறுபடி துணிக்கு வந்துவிட்டது.

11.40. பரிசோதகர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும், கெட்டவர் இல்லை, கையில் வரைபடம் வைத்திருப்பவர். மாதிரி விரிப்பு ஒன்றையும், மாட்டிப் பார்க்க இரண்டு மடக்குச் சட்டங்களையும் காரில் கொண்டுவந்திருந்தார். ஒட்டைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார்.

"ஒட்டைப் பிரிச்சா ஊசித் துளை நிக்கும் மேடம். தண்ணி இறங்கும். முழுக்கக் கழிக்கிறதைத் தவிர வேற வழியில்லை."

"பிரிக்க வேணாம் சார்," என்றார் அஞ்சம்மாள். "நடுவுல மட்டும் வெட்டுவோம். தையலுக்கு உள்ள ஒரு வெரக்கட விட்டு வெட்டி, மடிச்சு ஓட்டுனா ஓட்டையும் வந்துரும், வெளிம்பும் கெட்டியா நிக்கும்."

எனக்குச் சுரீரென்றது. மலாவியில் முதலில் கிழிவது அந்த விளிம்புதான். நோயாளி புரளப் புரள ஓட்டை வாய் பிளந்துவிடும், நாங்கள் பிளாஸ்திரி ஒட்டி ஒப்பேற்றுவோம். இவர்கள் தப்பாகப் போட்ட ஒட்டு, அங்கே யாருக்கும் தோன்றாத ஒரு பட்டையாக நிற்கிறது.

"வரைபடத்துல பட்டை இல்லையே," என்றார் பரிசோதகர்.

"வரைபடம் வார்டுல ராத்தங்கியிருக்கா சார்?" என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போயிற்று.

சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. அஞ்சம்மாள் ஒன்றை வெட்டித் தைத்தார், நாலு நிமிடம். ஒரு சட்டத்தில் அவருடையது, இன்னொன்றில் மாதிரி. படுக்க யார் என்று கேட்பதற்குள் எல்லோரும் முத்தையா அண்ணனைப் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தார், புரண்டார், எழுந்து உட்கார்ந்தார், திரும்பப் படுத்தார். பதினைந்தாவது புரளலில் மாதிரி விரிப்பின் விளிம்பில் நூல் விட்டது. அஞ்சம்மாளுடையது அசையவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. அடியில் ஒரு வாளியை வைத்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றியதும், ஒட்டின் மேட்டில் தடுத்துச் சுற்றிலும் தேங்கி நின்றது. பரிசோதகர் என்னைப் பார்த்தார். அவர் தயங்குவது இந்த முறை நியாயம். தேங்கினால் நோயாளியின் முதுகு புண்ணாகும், கிருமி தங்கும்.

மல்லிகா விரிப்பைச் சட்டத்திலிருந்து உருவினார். சட்டத்தின் குழாய் நுழையும் ஓரப் பைகளைத் தலையணை உறையைப் போல வெளிப்புறம் உள்ளாகத் திருப்பி, விரிப்பைப் புரட்டினார். ஒட்டு அடிப்பக்கம் போய்விட்டது. மறுபடி மாட்டி ஊற்றினோம். தண்ணீர் வழுக்கிக்கொண்டு வாளிக்குள் இறங்கியது.

12.50. பரிசோதகர் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றார். மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடி லாரி. அதைத் தவறவிட்டால் கப்பல் இல்லை.

"பதில் வந்து வெட்டுனா ஆறு மணிக்கு ஆவாது," என்றார் மல்லிகா. "கழிச்சாலும் இது குப்பைக்குத்தான் போகப் போவுது. குப்பையில வெட்டுனா யாருக்கென்ன?" பதினெட்டு கத்தரிக்கோல்களும் கிளம்பின. பரிசோதகர் வெளியே போய் நின்றுகொண்டார். சாப்பாட்டுக்கு யாரும் எழவில்லை. நான் வெட்டிய வட்டத் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன், தைக்கத் தெரியாதவளுக்கு வேறென்ன வேலை.

3.15. பதில் வந்தது. களத்தில் இருக்கும் ஒருவர் இந்த மாற்றத்துக்கு எழுத்தில் பொறுப்பேற்றால் அனுப்பலாம், தவறினால் அவரே பதில் சொல்ல வேண்டும். பரிசோதகர் தாளை என்னிடம் நீட்டினார். "யோசிச்சுப் போடுங்க மேடம். தப்பாச்சுன்னா ஒங்க வேலையே போகலாம்." அக்கறையாகத்தான் சொன்னார். தரையில் கிடப்பவர்களை நினைத்துக்கொண்டேன், யோசிக்க ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அஞ்சம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஒங்க பேரு மட்டும் எதுக்கு? அடைச்சது நாங்க, வெட்டுனது நாங்க. பொறுப்பு மட்டும் ஒங்களுக்கா?"

"அதுக்கு இடமில்லம்மா," என்றார் பரிசோதகர்.

"பின்னாடி வெறுந்தாளாத்தான இருக்கு."

தாளைத் திருப்பி வைத்து முதலில் அவர் எழுதினார். மெஷின் வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து எழுதிவிட்டுப் போய்த் தையலைத் தொடர்ந்தார்கள். கடைசி வரிசைப் பெண் தன் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயரையும் சேர்த்தார். பரிசோதகர் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினார். முன்பக்கம் போதுமே என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

5.40. அறுநூறும் ஏறின. லாரி ஆறுக்கு முன்னமே கிளம்பிவிட்டது.

6.20. புதுக்கோட்டை வண்டிக்காகக் கறம்பக்குடி நிறுத்தத்தில் நின்றபோது, அன்றைய அறிக்கையைக் கைப்பேசியிலேயே எழுதினேன். முதல் வரி இது: தைப்பவர்களிடம் எதற்குத் தைக்கிறோம் என்று சொல்லுங்கள், அவர்கள் மொழியில் சொல்லுங்கள். இதற்காக என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டாலும் சரி, வரியை எடுக்கப்போவதில்லை. மூன்று நாடுகளில் ஊர் ஊராகப் போய், நோயைப் பற்றி மக்களிடம் மறைக்கக் கூடாது, சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று வகுப்பெடுத்தவர்கள் நாங்கள். என் சொந்த மாவட்டத்துக்கு மட்டும் அதைச் சொல்ல மறந்துபோனோம்.

அஞ்சம்மாளும் அதே நிறுத்தத்துக்கு வந்தார். அவருக்கு வேறு திசை வண்டி. எப்போது திரும்பப் போகிறேன் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். கப்பலுக்கு முன்னால் நான் போய்விடுவேன், கட்டில்களை நான்தான் விரிப்பேன் என்றும் சொன்னேன்.

அவருடைய வண்டி முதலில் வந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"விரிக்கையில ஒட்டு அடிப்பக்கமா இருக்கான்னு பாத்து விரிங்க சிஸ்டர். படுக்கிறவங்களுக்கு மேல ஒரு துணியும் போடுங்க. மறந்துராதீங்க."