புரட்டாசியில் ஓணானுக்குச் சாப்பாடு

மூடி திறந்து கிடந்த அந்தப் பிளாஸ்டிக் டப்பா கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நான் வளர்க்கும் ஓணானுக்கு இரையாகத் திருச்சியிலிருந்து வாங்கி வந்த சுவர்க்கோழிப் பூச்சிகள் அதில் இருந்தன. புரட்டாசி பிறந்த காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. "எல்லாத்தையும் வேலியோரம் வுட்டுட்டேன் புள்ள. பெருமாளு மாசத்துல வூட்டுக்குள்ள உசுரக் கொல்லலாமா?" என்றார் என் மாமனார், நெற்றியில் ஈர நாமத்தோடு. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ரெட்டிபாளையம் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட வாசல் தாண்டி வராது. ஆனால் வெளிநாட்டு ஓணானுக்கு, அதுவும் கழுத்தில் தாடிபோல முள் வைத்த குட்டி ஓணானுக்கு, விரதத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி பூச்சி வாங்க விடவில்லை என்றாலும் அவர் அதைப் பட்டினி போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முருங்கைக்கீரையும் பரங்கிக்காயும் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூச்சிமேல் தூவிக் கொடுக்கும் சுண்ணாம்புச்சத்துப் பொடியைக் கீரைமேல் தூவிப் பார்த்தேன், அதுவும் பலிக்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழியும், நான் கண்ணாடித் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். நாளாக ஆக அது தலையைத் தூக்கவே திணறியது. கால்கள் வேறு நடுங்கின.

கால்நடை டாக்டருக்குப் போன் செய்து, மாமனாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "வளர்ற குட்டிங்க அது. கீரையும் வேணும், பூச்சியும் வேணும். பூச்சி இல்லன்னா எலும்பு நிக்காது, பொழைக்காதுங்க" என்றார் டாக்டர். மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு காலி டப்பாவோடு கிளம்பிவிட்டார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. போனையும் எடுக்கவில்லை. வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்து நடந்து எனக்குக் கால் வலி கண்டதுதான் மிச்சம்.

சாயங்காலம் வந்து சேர்ந்தார். "திருச்சியிலேருந்து பஸ்சு பூரா கத்திக்கிட்டே வருதுங்க. டப்பாவுல என்னன்னு கண்டக்டரு கேக்குறாரு, நான் என்னத்தச் சொல்ல?" சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பூச்சியை எடுக்கக் கையை நீட்டினேன். "நீ தொடாத" என்று தட்டிவிட்டார். பொடியில் புரட்டிய பூச்சியை அவரே இடுக்கியில் பிடித்து நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பெருமாளே, இந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும். இந்தப் புள்ள தலையில வெச்சிடாத" என்றார். குட்டி லபக்கென்று விழுங்கியது.

மாமனார் இந்த மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு மறுபடியும் புரட்டாசி பிறந்திருக்கிறது. ஓணான் நன்றாகக் கொழுத்து வளர்ந்து, பசியில் கண்ணாடியைப் பிறாண்டுகிறது. இடுக்கியில் பூச்சி துள்ளுகிறது. "பெருமாளே, அவரு தலையில வெச்சதையும் எடுத்து என் தலையிலேயே வெச்சிடு" என்று சொல்லிவிட்டு நீட்டுகிறேன்.